குழாயில் வந்த நீலம்

சித்திரை 2, செவ்வாய்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், இன்று சூரியோதயத்துக்குச் சற்றுப் பின், ஸ்ரீரங்கத்தில், அடியேனுடைய மேலுதட்டில் மீசை உதயமாயிற்று. மொத்தம் நான்கு மயிர். அதில் ஒன்று அழுக்காகவும் இருக்கலாம். இதை முன்னிட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. (ஏற்கெனவே விட்டாயிற்று. கோடை.)

இரண்டாவது செய்தி, சிறியது. மாமாவின் ஒண்ணுக்கைக் கொட்டிவிட்டேன்.

மாமா பெரிய நாயன வித்வான். கொழும்பு வரை பெயர். கல்யாண நோட்டீசில் 'நாயனச் சக்கரவர்த்தி' என்று போடுவார்கள். நான் வைத்த பட்டம் சர்க்கரைவர்த்தி. நீரிழிவு. தினம் காலையில் கம்பவுண்டர் வந்து ஊசி போடுகிறார். வீட்டில் சயன்ஸ் படிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் பரிசோதனை என் இலாகா. கொல்லைக் கிணற்றடியில் ஸ்பிரிட் விளக்கு. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் மாமாவின் காலை முதல் ஒண்ணுக்கு எட்டுச் சொட்டு. கொதித்தும் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் என்று நிறம் ஏற ஏற சர்க்கரையும் ஏற்றம். முழு ஆரோகணம். மாமா எப்போதும் செங்கலில்தான் நிற்பார். நீலம் வருகிற வரை ஊர்வலம் கிடையாது, தேருக்கு வாசிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. மாமா ஒரு வாரமாக யாரோடும் பேசவில்லை.

இன்று மாமாவுடையது இருந்த கிளாஸைத் தவிலாக பாவித்து ஒரு தனி வாசித்தேன். தீர்மானத்தில் கவிழ்ந்தது.

"என்னடா சத்தம்?" அத்தை, அடுக்களையிலிருந்து.

"பூனை, அத்தை."

காலை முதல் ஒண்ணுக்குப் போனால் போனதுதான். வேறு வழி? என்னுடையதையே பிடித்துக் காய்ச்சினேன். நீலம்.

அத்தை ஈரக்கையோடு ஓடி வந்தாள். மாமா குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "என் வயித்துல பாலை வார்த்தடா தம்பி" என்றாள் அத்தை. வார்த்தது பால் இல்லை.

இன்று ஒரு நாள் மட்டும். நாளை நிஜம். சத்தியம்.

சித்திரை 3, புதன்

நாளை வந்துவிட்டது. நிஜம் வரவில்லை.

மாமாவே கிளாஸைக் கொண்டுவந்து கொடுத்தார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி நின்றார். "நேத்து மாதிரியே காட்டுடா."

கிணற்றுக்குப் பின்னால் போனேன். மாமாவுடையது வாழை மரத்துக்கு. என்னுடையது குழாய்க்கு. நீலம்.

எத்தனை லாவகம்! கண்கட்டு வித்தைக்காரன் தோற்றான். ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாது. வாழைக்குத் தெரியும். அதற்கு வாய் இல்லை.

சித்திரை 6, சனி

சைக்கிளில் பாலம் தாண்டி டாக்டர் வீடு. காவேரி முழுக்க மணல், பார்க்கவே தாகம். டாக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தினமும் நீலமா?"

"சுத்த நீலம் சார்."

"பத்தியம் இருந்தா இப்படித்தான். உங்க மாமாகிட்ட நான் சொல்லலை? ஊசியைப் பாதியாக் குறைச்சிடச் சொல்றேன். தேருக்கு வாசிக்கட்டும்."

வீட்டில் வந்து சொன்னதும் மாமா நாயனத்தை உறையிலிருந்து எடுத்தார். காம்போதி. தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அத்தை சேமியாப் பாயசம் வைத்தாள். மாமா இரண்டு டம்ளர். "அதான் சர்க்கரை இல்லேன்னு ஆயிட்டுதே, குடிக்கட்டும்" என்று அவளே ஊற்றினாள். எனக்கும் ஒரு டம்ளர். முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றேன்.

சித்திரை 9, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது.

இன்று திருட்டுத்தனமாக மாமாவுடையதையும் காய்ச்சினேன். பச்சையாவது வரும் என்று நினைத்தேன். செங்கல். இதுவரை பார்க்காத செங்கல். குழாயைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். சிவப்பு போய்விட்டது, குழாயிலிருந்து.

மாமாவைக் கவனித்ததில்:
- தண்ணீர் தண்ணீர் என்கிறார். வெள்ளிக் கூஜா நிரப்பி நிரப்பி என் கை ஓய்கிறது.
- சட்டை தொளதொள. "இளைச்சதும் ஒரு அழகாத்தான் இருக்காங்க" என்கிறாள் அத்தை.
- குதிகாலில் நெருஞ்சி முள். முற்றம் பூராவும் அதோடு நடந்திருக்கிறார். நான்தான் பிடுங்கினேன். "அப்படியா? பஞ்சு மேல நடக்கிறாப்பல இருக்குடா எனக்கு" என்று சிரித்தார்.

அந்தப் பட்டப் பெயரை இனி எழுதப் போவதில்லை.

சித்திரை 12, வெள்ளி

சொல்லிவிடுவது என்று முடிவு. எப்படி?
1. அத்தையிடம். கரண்டி அவள் கையில் இல்லாத நேரத்தில். அப்படி ஒரு நேரம் கிடையாது.
2. மொட்டைக் கடிதாசு. என் கையெழுத்து ஊர் அறிந்தது.
3. மாமாவிடமே.

மூன்றாவதற்காகப் போனேன். மாமா நாயனத்தின் ஊதுகிற சீவாளியைக் கழற்றி ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "வாடா. உன் கை ராசிடா. நீ பாக்க ஆரம்பிச்ச பிறகுதான் என் உடம்பு தேறிச்சு. தேரன்னிக்குக் கூஜாவை வேற எவன்கிட்டயும் கொடுக்க மாட்டேன். நீதான் என் பக்கத்துலயே வரணும்" என்றார்.

சரி மாமா என்றேன். அதைச் சொல்லத்தான் போனவன் மாதிரி.

சித்திரை 14, ஞாயிறு. தேர்

ஊர் ஜனம், வெளியூர் ஜனம், வண்டி மாடு, பனையோலை விசிறி. சித்திரை வீதியில் கால் வைக்க இடமில்லை, வைத்தால் எடுக்காமல் இருக்க முடியாது. அப்படிச் சுட்டது. எல்லோரும் குதித்தார்கள். நான் சாக்குத் துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல் நின்றேன்.

திருப்பத்தில் தேர் நின்றுவிட்டது. கட்டை போட்டுத் திருப்பும் வரை மாமா வாசித்தார். சுவாமிக்கு முன்னால் செருப்பு ஏது? வெறும் கால். உச்சி வெயில். ஒரே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு. தவில்காரர் கால் மாற்றி மாற்றி வாசித்தார். மாமா அசையவில்லை.

"நெருப்பாக் கொதிக்குது, மனுஷன் நிக்கிறதைப் பாருய்யா!"

"பக்திய்யா. பெருமாளே தாங்குறார்."

ஒரு பாட்டையா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். பக்தி இல்லை என்று எனக்குத் தெரியும். பஞ்சு. கூஜாவோடு பக்கத்தில்தான் இருந்தேன். 'மாமா, கால்' என்று இரண்டு சொல். சாக்கைத் தள்ளிப் போட்டிருந்தாலே போதும். வாசிப்பு அப்படி இருந்தது, நானும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். இது சாக்கு. அந்தச் சாக்கு இல்லை, இந்தச் சாக்கு.

வீட்டில் அத்தை கால் கழுவத் தண்ணீர் ஊற்றியவள் கத்தினாள். இரண்டு பாதத்திலும் அடை அடையாகக் கொப்புளம்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று குனிந்து பார்த்தார் மாமா.

சித்திரை 16, செவ்வாய்

டாக்டர் வந்தார். வலது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலடியில் கொப்புளம் உடைந்து சீழ். குழாய்ப் பெட்டியைக் கொண்டுவரவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"காலையில என்ன நிறம்?"

மாமா, அத்தை, டாக்டர், மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீலம்."

"அப்பப் பயமில்லை. சர்க்கரை இருந்தாத்தான் இதெல்லாம் விபரீதம். வெறும் வெந்த புண்ணு, களிம்பு போடுங்க, ஆறிடும்."

ராத்திரி சோறு வேண்டாம் என்றேன். வேடிக்கை ஒன்றும் எழுத வரவில்லை.

சித்திரை 18, வியாழன்

ஜுரம். விரல் கறுத்திருக்கிறது. அறையில் ஒரு வாடை, அத்தை சாம்பிராணி போட்டு மறைக்கிறாள். கூடத்தில் தவில்காரரிடம் அவள்: "நான்தாண்ணே பாவி. தேர் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. தண்ணிய மோந்து தரையில ஊத்தச் சொல்லியிருக்கலாம்." அப்புறம் என்னைப் பார்த்து, "நீலம்தானேடா?"

"ஆமா அத்தை."

பாவியை அவள் தப்பான இடத்தில் தேடுகிறாள்.

சித்திரை 19, வெள்ளி

சொல்லிவிட்டேன்! விடிந்ததும் டாக்டர் வீட்டுக்குச் சிங்கம் போலப் போனேன். மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, நடந்தது நடந்தபடி, ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். டாக்டர் உடனே காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம். மாமா ஆஸ்பத்திரியில். முழு ஊசி, மேலும் ஊசி. சாயங்காலம் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் பிழைக்கும் என்கிறார்கள். பிழைக்க வேண்டும்.

சித்திரை 23, செவ்வாய்

ஜுரம் விட்டது. பாதம் தப்பியது. இன்னும் தாமதித்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமல். இனி ஊர்வலம் இல்லை. உட்கார்ந்து வாசிக்கலாம். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை எனக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

மாமா பேசுகிறார். அதுதான் தாங்கவில்லை. பார்க்க வந்த தவில்காரரிடம் இன்று: "தப்புப் பண்ணினான்தான். ஆனா யாரும் கேக்காமலே தானாப் போய் ஒத்துக்கிட்டாம் பாருங்க. என் தங்கச்சி புள்ள. எத்தனை பேருக்கு வரும் அந்தத் தைரியம்?" தவில்காரர் என் முதுகில் தட்டினார், தவிலைத் தட்டுவதைவிடப் பலமாக.

19ஆம் தேதி எழுதியது பொய், மாமாவிடம் சொன்னதும் அதே பொய்; டாக்டர் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று மாமாவுடையதை ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டு போனேன், அது நிஜம். மேஜையில் வைத்தேன். டாக்டர் காய்ச்சினார். செங்கல். "யாரோடதுடா இது?" என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்னோடது சார்."

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து என் தலையைத் தடவினார். "பயப்படாதே. இப்பல்லாம் ஊசி இருக்கு" என்றார். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று கிளாஸைக் கொடுத்து, கொல்லைத் தட்டிக்குப் பின்னால் அனுப்பினார். போனேன். கொண்டுவந்து கொடுத்தேன். காய்ச்சினார். நீலம்.

இரண்டு குழாயையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பைக் கீழே வைத்தார். நீலத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத்தனை நாளா நீ சொன்ன நீலம் இதுதானா?"

மூக்கை உறிஞ்சினேன். அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கூட ஏறிக்கொள்ளவும் எனக்குத் தைரியம் வரவில்லை. கார்ச் சத்தம் ஓய்கிற வரை அந்தத் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தேன்.