உன் பெயருக்குப் பின்னால் வரும் பிறர்

இன்று காலை உனக்கு மின்னஞ்சலில் ஒரு வாழ்த்து வந்தது. "உங்கள் கட்டுரை மீண்டும் மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. தொடர்ந்து எழுதுங்கள்!" நீ இறந்து இரண்டு நோன்புப் பெருநாள் கடந்துவிட்டது, அதை அனுப்பிய இயந்திரத்துக்குத் தெரியாது. நம் ஆய்விதழுக்கு இப்போது நான் பொறுப்பாசிரியன். உன் மின்னஞ்சல் பெட்டியும் என்னிடம்தான். உனக்கு வரும் புகழையெல்லாம் நானே திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. கோப்பி ஆறிவிட்டது.

எந்தக் கட்டுரை என்று உனக்குத் தெரியும். நம் தீவில், ஜார்ஜ்டவுன் கடைகளின் பழைய தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பற்றி நாம் மூவர் செய்தது. நீ வெயிலில் நடந்து கடைக்காரர்களிடம் பேசினாய். நம்மோடு சேர்ந்துகொண்ட அக்கா படம் எடுத்தார். ஒவ்வொரு வரியையும் நான் எழுதினேன். அதை இணையத்தில் ஏற்றிய அன்று, நாசி கண்டார் சோற்றுக்கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாய்.

"முதல் ஆசிரியர் யாருடா? ஒரு பேருதான் கேக்குது."

"உன் பேரையே போடு லா, பாய். இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"பின்னாடி வருத்தப்படுவே."

"எனக்கென்ன வருத்தம்? குழம்பை நல்லா ஊத்தச் சொல்லு."

பார்த்தார்கள். சிங்கப்பூரில் பார்த்தார்கள், லண்டனில் பார்த்தார்கள். மேற்கோள் காட்டிய இடமெல்லாம் உன் பெயர், அதன் பின்னால் 'மற்றும் பிறர்'. அந்தப் பிறரில் ஒருவன் நான். இன்னொரு பிறரான அக்கா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவரிடம் ஒருமுறை குமுறினேன். "முதல்ல பேரு வந்தா சம்பளம் ஏறுமா தம்பி?" என்று கேட்டார். அவர் நன்றாகத் தூங்குகிறார்.

உயிரோடு இருப்பவன்மேல் பொறாமைப்பட்டால் என்றைக்காவது அவனை முந்தலாம். உன்னை என்ன செய்வது? எழுதுவதை நிறுத்திய பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறாய்.

போன மாதம் இதழின் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் நீ பதிந்து வைத்த நிரந்தர எண்ணைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இணைப்பைத் தட்டுகிறவர்களுக்கு வெற்றுப் பக்கம்தான். "வீடு மாறலாம்டா. போஸ்ட்மேன்கிட்ட சொல்லிட்டு மாறணும்" என்பாய். வரிசையில் நம் கட்டுரையும் வந்தது.

இதை மட்டும் மறந்துவிட்டால்? மேற்கோள்கள் மெல்ல நின்றுபோகும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. நியாயமாக யோசித்தேன்; அதாவது, என்னைப் பற்றி யோசித்தேன். அந்தப் பக்கத்தில்தான் நானும் இருக்கிறேன், இரண்டாவது பெயராக. நீ காணாமல் போனால் பிறருக்கு ஏது இடம்? திருப்பிவிட்டேன். தட்டிப் பார்த்தேன். திறந்தது. மேலே நீ.

இன்று உன்னை மேற்கோள் காட்டியது யார் என்று கேட்க மாட்டாயா? நான்தான். என் புதிய கட்டுரை. தனியாக எழுதியது, முதல் ஆசிரியரும் கடைசி ஆசிரியரும் நானே. அந்தக் கடைக்காரர்கள் உன்னிடம் சொன்னதைச் சொல்லாமல் அதில் ஒரு பத்திகூட நகரவில்லை. உன் பெயரை அடித்தேன். அதன்பின் 'மற்றும் பிறர்' என்று என் கையாலேயே அடித்தேன். அந்த நிரந்தர எண்ணையும் ஒட்டி, இணைப்பு திறக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தேன்.

உனக்கு ஒரு மேற்கோள் கூடிவிட்டது. என் கட்டுரையை இதுவரை யாரும் சீண்டவில்லை. அந்த வாழ்த்தை அழித்திருக்கலாம். உன் பெட்டியில், மற்றவற்றோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.