பிருந்தாவுக்குத் தலைவலி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மைதானத்தில் நேற்றைய மழைத் தண்ணீர். தெற்கு கோல் போஸ்ட் முன்னால் குட்டை. மண் கொட்டுகிறேன் என்றார் வாட்ச்மேன். கொட்டவில்லை.

நாளை வேலூரில் செமி ஃபைனல். எடுத்துப்போக:
– பந்து 3 (ஒன்றில் காற்று நிற்பதில்லை)
– ஜெர்சி. 9-ம் நம்பர் பிரிந்து தொங்குகிறது, தைக்கணும்
– ஐஸ் பெட்டி, ஸ்ப்ரே, குளுக்கோஸ்
– ஐ.டி. கார்டுகள். கேப்டன் தமிழரசியிடம் கொடுக்கக் கூடாது. போன தடவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிய மகராசி

பிரின்சிபால் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "ஃபைனலுக்குக்கூட வரலேன்னா அடுத்த வருஷம் ஃபுட்பால் எதுக்குன்னு மேனேஜ்மென்ட்ல கேக்குறாங்க மேடம். யோகா வெச்சிக்கலாம்ங்கிறாங்க."

யோகா! தேசூரில் அண்ணன்களோடு உதை வாங்கி ஆடக் கற்றவள் நான். மாவட்டத்துக்கு ஆடி, முட்டி போய், இந்தக் கல்லூரிக்கு வந்து பதினான்கு வருஷம். முதல் வருஷம் மூன்றே பெண்கள், இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு வெறுங்காலோடு. இப்போது பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் பூட்ஸ். அறை வாசலில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று போர்டு. எனக்குக் கீழே ஒருத்தரும் கிடையாது. வேலையும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான்.

நாற்பத்தொரு வயசு. இதை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? 

ஆகஸ்ட் 5, செவ்வாய். திரும்பி வரும் வேனில்

2–1. ஜெயித்தோம். பின் சீட்டில் பாட்டும் கூத்தும். எழுத்து கோணல். வேன் ஆடுவதால் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடந்ததை அப்படியே எழுதணும்.

இரண்டாவது பாதி. அவர்களுக்கு கார்னர். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற எங்கள் ஸ்டாப்பர் பிருந்தா தலையால் அடிக்க எகிறினாள். அவர்கள் பெண்ணும் எகிறினாள். மண்டையும் மண்டையும். சத்தம் பெஞ்ச் வரை கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அந்தப் பெண் உட்கார்ந்து அழுதாள். பிருந்தா அழவில்லை. எழுந்து நின்று, எந்தப் பக்கம் என்றே தெரியாமல் எங்கள் கோலைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். தமிழரசி தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

வெளியே வரவைத்து என் மூன்று கேள்விகளைக் கேட்டேன். எந்த ஹாஃப்? ஸ்கோர் என்ன? கடைசி கோல் யார் போட்டது? பதினான்கு வருஷமாக அதே கேள்விகள். பதில் வரவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. இது நான் போட்ட சட்டம், டீமில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பிருந்தா என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு "செகண்ட் ஹாஃப் மிஸ்" என்றாள். மறுபடி பின்னால் பார்த்தாள். "டூ ஒன் மிஸ்."

திரும்பினேன். தமிழரசி அப்போதும் விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் கை கீழே இறங்கியது. இரண்டு விரல், அப்புறம் ஒரு விரல். பரீட்சை ஹாலில் பிட் கொடுக்கிற மாதிரி. தோழியைக் காப்பாற்றுகிறாளாம்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பெஞ்சில் இருந்த ஒரே ஆள் கீர்த்தி. முதல் வருஷம், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். மணி பார்த்தேன். இன்னும் இருபத்தைந்து நிமிஷம். யோகா ஞாபகம் வந்தது.

"போ, ஆடு" என்றேன்.

மூன்றாவது கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். பிரின்சிபால் இன்று உட்காரச் சொன்னார், டீ வேறு. திங்கட்கிழமை ஃபைனலுக்குக் கல்லூரிச் செயலர் வருகிறாராம்.

பயிற்சிக்குப் பிருந்தா வந்தாள். ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வெளிச்சத்தில் கண் கூசுதாம்.

"தலை வலிக்குதாடி?"

"லேசா மிஸ். தூங்குனா சரியாப்பூடும்."

தமிழரசி தனியாக வந்து சொன்னாள்: "காலைல வாந்தி எடுத்தாளாம் மிஸ். வீட்ல சொல்லிக்கினு இருக்காதன்னா. நேத்து வேன்ல வந்தது ஒத்துக்கலியாம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேன்தான் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

வாங்கணும்: பிளாஸ்டர், விசில் கயிறு, எலுமிச்சை.

 

ஆகஸ்ட் 7, வியாழன்

பிருந்தா வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஆறு தடவை.

டாக்டரிடம் போ என்று ஒரு மெசேஜ் அடித்தேன். அழித்தேன். எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாராவது கேட்பார்கள் இல்லையா. நான் இந்த மாதிரி ஆளா? இந்த மாதிரி ஆள்தான் போல.

9-ம் நம்பரைத் தைத்தேன். ஊசி விரலில் ஏறியது.

ஆகஸ்ட் 8, ஆடி வெள்ளி

தெருவுக்குத் தெரு மைக் செட். படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் எல்லாம் மஞ்சள் புடவைக் கூட்டம்.

பதினொரு மணிக்குப் பிருந்தாவின் அம்மா விளையாட்டு அறைக்கு வந்தார். பட்டுத் தறிக்காரக் குடும்பம். முதல் முறையாகக் கல்லூரிக்குள் வருகிறார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார்.

"மேடம், உங்க கால்ல வேணா உழறேன். யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

"யாருங்க?"

"அந்தப் பையன் யாரு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார், அழுதுகொண்டே. மூணு நாளா பொண்ணு பொண்ணாவே இல்ல. ஊடை நூலக் குச்சியில தார் சுத்தச் சொன்னா, அரக்கு நூல் கேட்ட எடத்துல பச்சைய சுத்தி வெக்கிறா. ஏழு வயசுலேருந்து சுத்துறவ மேடம், ஒரு நாள் தப்பு பண்ணதில்ல. கூப்ட்டா திரும்புறதில்ல. எப்பப் பாரு தூக்கம். "காலைல எழுந்தா வாந்தி எடுக்கிறா மேடம். ஒரு பொம்பளைக்கு இதுக்கு மேல இன்னா சொல்லணும்? அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா எங்க ரெண்டு பேரையும் வெட்டிப்போட்டுருவாரு. ஊர்ல தலை காட்ட முடியாது. இவளக் கேட்டா, ஒண்ணுமில்லம்மாங்கிறா. ஒரு அறை உட்டேன்."

"எங்க அடிச்சீங்க?"

"கன்னத்துல."

தலையில் இல்லை. கடவுளே, தலையில் இல்லை.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. மேசை மேல் திங்கட்கிழமைக்கான டீம் லிஸ்ட் இருந்தது, அதில் என் கையெழுத்து. "நான் பொண்ணுங்களை விசாரிக்கிறேங்க, நீங்க பயப்படாதீங்க" என்றேன். அந்த அம்மாள் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டார்!

போகும்போது: "நாளைக்குக் காலைல படவேட்டுல எங்க அக்கா வூட்டுக்கு இட்டுகினு போறேன். அங்க தெரிஞ்ச நர்ஸம்மா ஒருத்தங்க இருக்காங்க. பார்த்து இன்னா ஏதுன்னு முடிச்சிகினு வந்துடுறோம்."

என்னத்தை முடிக்கிறது? இல்லாத ஒன்றுக்கு மருந்து கொடுத்தால்? மலையடிவாரம், பஸ்ஸும் குறைச்சல், அங்கே மயங்கி விழுந்தால்?

மாலை வரை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என் வேலை, என் வேலை என்று எத்தனை தடவை நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

காலை ஆறரைக்கே பிருந்தா வீட்டுக்குப் போய்விட்டேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அப்பா முடிந்த புடவைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம், நல்ல வேளை. அம்மா பையோடு தயார். பிருந்தா சுவரில் சாய்ந்து, கண் பாதி மூடி. கன்னத்தில் விரல் தடம்.

"பையன் கியன் யாரும் இல்லீங்க. செவ்வாய்க்கிழமை மேட்ச்ல தலையில அடி. பலமான அடி. அதான் வாந்தி, அதான் தூக்கம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஜல்தியா கிளம்புங்க."

அம்மா பையைக் கீழே போட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறார், அழுகிறார்.

"தலையிலதானா? மேடம், வயித்துல பால வார்த்தீங்க! தலையில அடிதானா! நான் இன்னான்னா நெனச்சி… ஏண்டி, வாயத் தொறந்து சொன்னா இன்னாடி உனக்கு?" என்று பிருந்தாவை இழுத்து அணைத்துக்கொண்டார். தலையை ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க என்று கத்தினேன். சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வருவேன் என்றார். இந்த மாதிரி சந்தோஷப்பட்ட ஒருத்தியைப் பார்த்து நான் இவ்வளவு பயந்ததே இல்லை.

ஆட்டோ. அரசு ஆஸ்பத்திரி. ஸ்கேன். அம்மா தன் அக்காவுக்கு போன்: "ஒண்ணும் இல்லக்கா, தலையிலதான்."

டாக்டர் சின்ன வயசுப் பெண். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அடிபட்ட அப்புறம் எவ்ளோ நேரம் ஆடினாங்க?"

பிருந்தாவுக்கு நினைவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். கை இன்னும் என் கையில்.

"இருபத்தஞ்சு நிமிஷம்" என்றேன். "அவளுக்குப் பதில் தெரியல. கூட இருந்தவ விரல்ல காட்டினா. நான் பார்த்துட்டுத்தான் ஆட விட்டேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். மூளைக்கு மேலே ரத்தக் கசிவு, உடனே வேலூர், 108-க்குச் சொல்லியாச்சு என்றார்.

"ரத்தமா?" என்றார் அம்மா. டாக்டர் இரண்டாவது முறை சொன்னபோதுதான் உள்ளே போனது. கையை எடுத்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றினார்கள். நானும் படியில் கால் வைத்தேன்.

"நீங்க வராதீங்க மேடம்" என்றார் அம்மா.

இறங்கினேன். கதவைச் சாத்தப்போனார்கள். அந்த அம்மாள் அதைத் தடுத்து, தலையை வெளியே நீட்டினார்.

"தூங்க உடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"தூங்க விடாதீங்க. பேர் சொல்லிக் கூப்ட்டுகினே இருங்க."

கதவு சாத்தும் வரை உள்ளே பிருந்தா பிருந்தா என்று கேட்டது.

பிரின்சிபால் நான்கு மிஸ்டு கால். தமிழரசி ஒன்று. எடுக்கவில்லை. வேலூர் பஸ், ஜன்னல் சீட்.

மணி 12.10. கண்ணமங்கலம் தாண்டியாச்சு. அந்த அம்மாளுக்கு அடிக்கிறேன், இன்னும் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.