பால்கனி ரூம் யார் பேர்ல?

தலைக்கு டை அடிச்சிட்டு வந்து இதைப் படிக்கிற மகாராஜாவுக்கு,

நான் கப்பலுக்குக் கிளம்பிட்டேன். பால்கனி ரூம்காரங்களை முன்னாடியே ஏத்துறாங்களாம். நீங்களும் உங்க அக்காவும் சாவகாசமா சாயங்கால வரிசைக்கு வாங்க.

முழிக்காதீங்க. கப்பல் டூருக்கு நாம ரெண்டு பேர் மட்டும்னு சொல்லிட்டு அக்காவையும் சேர்த்துக்கிட்டீங்க, போகட்டும். ஒரே ஒரு பால்கனி ரூம்தான் மிச்சம்னதும், "எனக்கு முதுகுவலி, அது எனக்கு. நீ அக்காகூட ஜன்னல் இல்லாத ரூம்ல இருந்துக்கோ"ன்னீங்களே, என்ன பெரிய மனசு! வருஷக்கணக்கா சோபாவுல சாய்ஞ்சே கிடக்குற முதுகுக்குக் கடல்காத்து கேக்குதோ? நேத்து ஏஜென்ட் போன் பண்ணி, பால்கனி யார் பேர்லன்னு கேட்டார். நீங்க வழக்கம்போல பாத்ரூமுக்குள்ள இருந்தே "நீயே பேசித் தொலை"ன்னு கத்தினீங்க. பேசித் தொலைச்சிட்டேன்.

உங்க அக்கா விடுற குறட்டையில கப்பல் எஞ்சின் சத்தமே கேக்காது. அனுபவிங்க.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். கேஸை மூடிட்டு, சாவியை எதிர்வீட்டுல குடுங்க. உங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. தேடுறேன்னு வீட்டைத் தலைகீழாக்காதீங்க.

பி.கு: வாந்தி மாத்திரை உங்க நீலச் சட்டைப் பையில. ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க. அப்புறம் என்னைத் தேடாதீங்க.

இன்னொண்ணு. பால்கனியில ரெண்டு நாற்காலி இருக்காம். அக்கா தூங்கினதும் வந்து கதவைத் தட்டுங்க. அந்த முதுகுவலியை மட்டும் கீழேயே விட்டுட்டு வாங்க.