அந்த மூட்டையை அவிழ்க்காதே

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். முழங்கால் வலி பழையபடிதான். அதைச் சொல்ல எழுதவில்லை.

நீ வேலை பார்க்கும் காப்பகத்துப் பிள்ளைகளுக்கென்று உன் அண்ணனிடம் பந்து கேட்டாயாமே. மூட்டை கட்டி வாசலில் வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை லாரியில் ஏறும். வந்தால் பிள்ளைகள் முன்னால் அவிழ்க்காதே. ஒரு பந்தைக்கூட அவர்கள் கண்ணில் காட்டாதே.

பெட்டி கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டையில் பந்து பின்னத் தொடங்கிய நாளிலிருந்து பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி, துணிப் பெட்டி தவிர வேறு பட்டையை நான் தொட்டதில்லை. அதையும் ஊறப்போட்டு, தேய்த்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் பின்னுவேன். அச்சடித்த பக்கம் உள்ளே போக வேண்டும், வெறும் நிறம் வெளியே தெரிய வேண்டும். அழகுக்குச் செய்தது. உன் அண்ணனும் என்னிடம்தான் கற்றான்.

போன வாரம் மருமகள் ஒரு பந்தைக் கொண்டுவந்து, தளந்துபோச்சு மாமா, கொஞ்சம் இறுக்கிக் குடுங்க என்றாள். பிரித்தேன். உள்பக்கம் முழுக்க மண்டையோடு. அடியில் இரண்டு எலும்பு. எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் படத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பூச்சி மருந்து நெடி. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

உன் அண்ணனைக் கேட்டேன். பிஸ்கட் பெட்டிப் பட்டைக்கு இப்ப அடிதடிப்பா, மருந்துக் கிடங்குல சும்மாவே அள்ளிக்கோன்னு விடுறான், ஈரத்துணியால ஒரு துடை துடைச்சா போச்சு என்கிறான். பச்சைப் பிள்ளைங்க கையில கிடைச்சதை வாயில வைக்குமேடா என்றேன். விளையாடத்தானே குடுக்கறோம், திங்கவா குடுக்கறோம் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுக்குள் புழுவாக நெளிகிறது.

மருமகளுக்கு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. சோப்பு ஒத்துக்கல மாமா என்கிறாள். அதே கையால்தான் சோறு போடுகிறாள். பாவம், அவளைச் சொல்லி என்ன. ஆனால் தட்டைப் பார்த்தாலே எனக்கு மண்டையோடுதான் தெரிகிறது. தையல்காரம்மா தரும் ரொட்டியில் நாள் ஓடுகிறது.

நாய்கூட மோந்துவிட்டு விலகிப்போகும் பிழைப்பு இது என்று எழுதச் சொன்னேன். இவ்வளவு கடுமையா வேணுமா பெரியவரே, பெத்த பிள்ளையாச்சே என்று தையல்காரம்மா பேனாவை நிறுத்திவிட்டார். வேணும், எழுதுங்க என்றேன்.

உனக்குப் பல் முளைத்தபோது நான் பின்னிய மஞ்சள் பந்தைத்தான் முதலில் கடித்தாய். அது தரையில் உருண்டால் போதும், உன் அண்ணன் ஓடிப்போய் எடுத்துத் தன் சட்டையில் துடைப்பான். மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே உன்னிடம் கொடுப்பான். அவன்தான் இவன்.

கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பதா என்று தயங்காதே. காப்பகத்தை நடத்தும் பெரியம்மாவிடம் ஒரு பந்தைப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டு. உன்னோடு பேச்சை நிறுத்திவிடுவான். நிறுத்தட்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் நம்பர் அவனிடம்தான் இருக்கிறது. பேசி முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டான்.

பேத்திக்கு ஒரு பந்து பின்னி வைத்திருக்கிறேன். மஞ்சள், பிஸ்கட் பெட்டிப் பட்டை. சுடுதண்ணீரில் போட்டெடுத்து என் நாக்கிலேயே வைத்துப் பார்த்துவிட்டேன். அந்த மூட்டையோடு சேர்த்து அனுப்ப மனம் வரவில்லை. நானே வந்து அவள் கையில்தான் கொடுக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தையல்காரம்மாவுக்கு ஒரு வரி எழுது, படித்துச் சொல்வார். அந்தப் பந்தும் ஒரு மாற்றுத்துணியும் தவிர எனக்கு வேறு சுமை இல்லை.

பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

கீழே இருப்பது என் கட்டைவிரல் ரேகை. கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வைத்தேன்.