உரிக்காத தாள்

என் பெரிய மனுஷிக்கு,

போன வருடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து, கையிலிருந்த காசுக்குள் பாகங்களைச் சேர்த்து உனக்கொரு கம்ப்யூட்டர் பூட்டினேனே, நினைவிருக்கிறதா? "சூப்பரா ஓடுதுப்பா" என்றாய். டிப்போவில் நான் அடித்த தம்பட்டத்துக்கு அளவில்லை. அந்த மிதப்பில் என் கண்டக்டரின் மகனுக்கும் ஒன்று பூட்டிக் கொடுத்தேன்.

நேற்று கண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னண்ணே, பத்து நிமிஷத்துல படுத்துடுது?"

திறந்தேன். சூடு தணிக்கும் தகட்டின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தால்தான் சூடு வெளியேறும்; அதை உரிக்காமலே பூட்டியிருக்கிறான் உன் அப்பன், மகா புத்திசாலி! சந்தேகத்தில் உன்னுடையதையும் திறந்தேன். அதே தாள். மின்விசிறியில் பொட்டுத் தூசி இல்லை, சுற்றினால்தானே படியும்!

"அவ லைப்ரரி கம்ப்யூட்டர்லதான் உட்கார்ந்து படிச்சா. உங்க மனசு நோகும்னு சொல்லல" என்றாள் உன் அம்மா. ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பூட்டினவனைத் தவிர.

கண்டக்டர் மூஞ்சிக்கு நேரே கேட்டார், அது வலிக்கவில்லை. நீ பாராட்டியதுதான் வலிக்கிறது.

தாளை உரித்துவிட்டேன். விடுமுறைக்கு வந்து நீயே சுவிட்சைப் போடு. ஓடாவிட்டால், "ஓடலப்பா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

இன்னும் சூடு தணியாத,
அப்பா