எக்ஸ் என்பது எந்த கேன்?

அன்புள்ள டீச்சரம்மா,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நீச்சல் குளத்தில் எனக்குப் பதவி உயர்வு. தரை கழுவும் அமிலத்தைக் கலக்கக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் சூப்பர்வைசர். "எங்க வீட்டம்மா கணக்கு டீச்சர் சார்," என்றேன். "அது போதும்ப்பா," என்றார்.

ஒரு கேனில் பத்து சதவீத அமிலம், இன்னொன்றில் முப்பது. இரண்டையும் கலந்து பதினைந்து சதவீதத்தில் பத்து லிட்டர் வேண்டும். இரண்டு சமன்பாடு எழுதித் தீர்த்தேன். எக்ஸ் ஏழரை, ஒய் இரண்டரை. விடை சரிதான். எக்ஸ் எந்த கேன் என்று எழுதத்தான் மறந்துவிட்டேன். முப்பதிலிருந்து ஏழரை ஊற்றினேன்.

தரையில் கொட்டியதும் நுரைத்துப் புகை கிளம்பியது. "யோவ் கணக்கு, வெளிய ஓடுய்யா," என்று சூப்பர்வைசர் கத்தியபடி எனக்கு முன்னால் ஓடினார். வலது கை லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல்.

கட்டுப் பிரித்ததும் மறுபடி நான்தான் கலக்க வேண்டுமாம். கணக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. இந்த முறை கேனிலேயே எக்ஸ், ஒய் என்று எழுதி ஒட்டிவிடுவேன், இருந்தாலும் பயம்தான். அன்று காலை உன்னைக் கூப்பிடுவேன். நீ எதுவும் பேச வேண்டாம். நான் ஊற்றி முடிக்கும்வரை போனை மட்டும் வைத்துவிடாதே.

நர்ஸ் வருகிறார், முடிக்கிறேன்.

உன்னவன்