கறிக்குள் கிடந்த ஆணி

1986 மே 3, சனி

மழை இல்லை. புழுக்கம். நாளை அக்கா சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறாள். தோட்டம் கைமாறிவிட்டது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஈப்போவில் எங்களோடு இரு என்று நான். தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று அவள். இந்த வயதில் இன்னொரு லயமா? எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும்.

மைக்ரோவேவைத் துடைத்து வைத்தேன். அதன்மேல் என் வீட்டுக்காரர் ஒட்டிய தாள். கண்ணாடிப் பாத்திரம் சரி. எவர்சில்வர் கூடாது. எனாமல் மங்கு கூடாது. தங்க விளிம்புத் தட்டு கூடாது. வெறுமையாக ஓட்டக் கூடாது. பள்ளிக்கூடம் தோற்றது.

மே 4, ஞாயிறு

அக்கா தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கறி கொண்டுவந்தாள். தூக்கு எவர்சில்வர். கண்ணாடிக் கிண்ணத்தில் கவிழ்த்து, காகிதத்தால் மூடி, மைக்ரோவேவில் வைத்தேன். "நெருப்பே இல்லாம சுடும் பாருக்கா." எனக்கு ஒரே பெருமை.

படபடவென்று சத்தம். நீலப் பொறி. காகிதம் பற்றிக்கொண்டது. இவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். "கதவத் தொறக்காதலா! தானா அணையட்டும்!"

அணைந்தபின் கரண்டி விட்டுக் கிளறினேன். உள்ளே பெரிய இரும்பு ஆணி.

கறியை வெளியே எடுத்துப் போனால் காத்துக் கறுப்பு அண்டாமலிருக்க இரும்பு போடுவது. அம்மா போடுவாள். தீபாவளிக்கு அத்தை வீட்டுக்கு, ரப்பர் மரங்களுக்கு நடுவே அக்காவும் நானும் தூக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போவோம். உள்ளே ஆணி கடகடக்கும். அந்தச் சத்தம் இருந்தால் பயமில்லை. எப்படி மறந்தேன்?

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. முகம் செத்துப்போயிருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். "எதத் தொட்டா எது வெடிக்கும்னு பயந்துகிட்டே இருக்க முடியாது தங்கச்சி. நான் செம்பனைக்கே போறேன்."

மே 6, செவ்வாய்

விடாத மழை. மைக்ரோவேவின் உள்சுவர் கருகியிருக்கிறது. பழுது பார்க்காமல் ஓட்டக் கூடாதாம், இவர் கடைக்குத் தூக்கிப் போனார். போகட்டும். ஆணியைப் புளி போட்டுத் தேய்த்தேன். அக்கா இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை அவள்.

மே 11, ஞாயிறு

வெயில். ஆட்டுக்கறி சமைத்து, அதே தூக்கில் ஊற்றி, காலை பஸ்ஸில் சுங்கை சிப்புட். வழியெல்லாம் மடியில் கடகட.

அக்கா பாதி மூட்டை கட்டியிருந்தாள். தூக்கைத் திறந்து கரண்டி விட்டதும் டக்கென்று தட்டியது. ஆணியை எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பட்டப்பகல்ல எந்தப் பேய்டி வரும்?"

"அன்னிக்கு நீயும் பகல்லதான வந்த?"

சிரித்தாள். அப்புறம் அழுதாள், நானும். கறியைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பெட்டிக்குள்ள என்னென்ன வைக்கக் கூடாது, சொல்லு."

"எவர்சில்வர், மங்கு, தங்க விளிம்புத் தட்டு..."

"ஆணி" என்று அவளே முடித்தாள்.

ஈப்போவுக்கு வர வெள்ளிக்கிழமை லாரி சொல்லியாயிற்று. அம்மியும் வருகிறதாம்.